மதிப்பெண் பட்டியலைக் கேட்டார்கள், பத்திரம் படிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை: சட்டக் கல்லூரி மாணவர் ஆய்வு உதவியாளர் பணி குறித்து ஒரு மதிப்புரை

கொங்கு நாட்டுத் தனியார் சட்டக் கல்லூரி ஒன்றில் ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி. படித்தபோது, ஏழாம், எட்டாம் செமஸ்டர்களில், அதாவது 2024 ஜூலை முதல் 2025 ஏப்ரல் வரை, மாணவர் ஆய்வு உதவியாளராக வேலை பார்த்தேன். பேராசிரியர் ஒருவரின் ஆய்வுக்கு வேண்டிய தீர்ப்புகளைத் தேடித் தருவதும், ஆவணங்களைப் படித்துக் குறிப்பெடுப்பதும், அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பதும்தான் வேலை. வாரத்துக்குப் பத்து மணி நேரம். உதவித்தொகை மாதம் ஐயாயிரம் ரூபாய். கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல் பகுதிச் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, எனக்கு அதுக்குத் தகுதி இருக்குங்களா?" அந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் கூற முடியாததால் இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் கல்லூரியின் பெயரைக் குறிப்பிடவில்லை. என் மதிப்பீடு ஐந்துக்கு மூன்று. வேலைக்கு மட்டுமென்றால் நான்கரை தருவேன். அந்த வேலைக்கு ஆளெடுக்க வகுத்திருந்த விதிகளுக்கு ஒன்றரைக்கு மேல் தர மனம் வரவில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனெனில் விண்ணப்பிப்பவர்களில் பலர் இங்கேயே இடறுகிறார்கள். 'ஆய்வு உதவியாளர்' என்ற ஒரே பெயரில் வெவ்வேறு வேலைகள் உலவுகின்றன. இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்தின் நிதியில் நடக்கும் திட்டங்களில் ஆய்வு உதவியாளராகச் சேர வேண்டுமானால் சமூக அறிவியல் பாடம் ஒன்றில் 55 விழுக்காட்டு மதிப்பெண்ணுடன் முதுநிலைப் பட்டம் வேண்டும்; எல்எல்.பி. படித்துக்கொண்டிருக்கும் மாணவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதற்கு விண்ணப்பிக்க இயலாது. உச்ச நீதிமன்ற நீதியரசர்களுக்கு உதவும் சட்ட எழுத்தர் மற்றும் ஆய்வு இணையர் பணி இன்னொன்று. அதற்குச் சட்டப் பட்டம் வேண்டும். ஐந்தாண்டுப் படிப்பின் ஐந்தாம் ஆண்டிலும் மூன்றாண்டுப் படிப்பின் மூன்றாம் ஆண்டிலும் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றாலும், பணியேற்பதற்கு முன் தேறியதற்கான சான்றைக் காட்ட வேண்டும். வயது 20 முதல் 32 வரை. 2025ஆம் ஆண்டு அறிவிப்பில் மாதத் தொகை 80,000 ரூபாய். சென்னை உயர் நீதிமன்றமும் நீதியரசர்களுக்கு ஆய்வுச் சட்ட உதவியாளர்களை எடுக்கிறது. அதற்கும் பட்டம் முடித்திருக்க வேண்டும். இவை எதுவும் நான் மதிப்பிடும் வேலை அன்று. நான் சொல்வது, படித்துக்கொண்டிருக்கும்போதே தன் கல்லூரிப் பேராசிரியரிடம் பகுதி நேரமாகச் செய்யும் வேலை. இதற்கு நாடு முழுமைக்கும் பொதுவான விதி கிடையாது. ஒவ்வொரு கல்லூரியும் தானே வகுத்துக்கொள்கிறது. அதனால்தான் அந்த விதிகளை நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த விதிகள் இவை. ஐந்தாண்டுப் படிப்பில் மூன்றாம் ஆண்டுக்கும், மூன்றாண்டுப் படிப்பில் இரண்டாம் ஆண்டுக்கும் வந்திருக்க வேண்டும். மொத்தத்தில் 60 விழுக்காடு மதிப்பெண் இருக்க வேண்டும். அரியர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதுவும் வகுப்பு நேரத்துக்கு வெளியில்தான். அந்த செமஸ்டரில் தனக்குப் பாடம் நடத்தி மதிப்பெண் இடும் பேராசிரியரிடம் வேலைக்குச் சேரக் கூடாது. ஆங்கிலத்தில் 1,500 சொற்களில் எழுதிய கட்டுரை ஒன்றை விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும்.

இவற்றில் ஆண்டுக் கணக்கு விதி நியாயமானது. ஒப்பந்தச் சட்டம், அரசமைப்புச் சட்டம் போன்ற அடிப்படைப் பாடங்களைத் தாண்டாத ஒருவர் தீர்ப்பைத் திறந்தால், எது நீதிமன்றம் வகுத்த நெறி, எது போகிற போக்கில் சொன்ன கருத்து என்று பிரித்தறிய முடியாமல் திணறுவார். எனக்கே மூன்றாம் ஆண்டில் அந்தத் திணறல் இருந்தது.

வருகைப் பதிவு விதியும் நியாயமானதே. மாணவர்கள் இதைக் கெடுபிடி என்று நினைக்கிறார்கள். ஆனால் இது நம்மைக் காக்க வந்த விதி. வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின் 12ஆம் விதிப்படி, ஒரு பாடத்தில் 70 விழுக்காடு வகுப்புகளுக்கு வராதவரைச் செமஸ்டர் தேர்வு எழுத விடக் கூடாது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால், அந்தப் பாடத்தில் 65 விழுக்காடும் எல்லாப் பாடங்களையும் சேர்த்து 70 விழுக்காடும் வந்திருப்பவருக்குக் கல்லூரித் தலைவர் விலக்கு அளிக்கலாம். ஆய்வு வேலையில் ஊறிவிட்ட மாணவர் வகுப்பைத் தவறவிடுவது எளிது. மாவட்ட நீதிமன்றத்தில் சான்றிட்ட நகல் வாங்கக் காத்திருந்தாலே ஒரு முற்பகல் போய்விடும். கல்லூரி வைத்த 75 என்ற எல்லை, தேர்வு எழுதும் தகுதியை இழப்பதற்கு முன்பே மாணவரை நிறுத்தி எச்சரிக்கிறது. மதிப்பெண் இடும் பேராசிரியரிடம் வேலை செய்யக் கூடாது என்ற விதியும் அப்படித்தான். அது இருவருடைய பெயரையும் காக்கிறது.

இனி, என்னால் ஏற்றுக்கொள்ள முடியாத விதிகளுக்கு வருகிறேன். அதற்கு முன் நான் செய்த வேலை என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வேலையைத் தெரிந்துகொள்ளாமல் தகுதியை எடைபோட முடியாது.

எங்கள் பேராசிரியர் எடுத்துக்கொண்ட பொருள், விளைநிலங்களின் மேல் செல்லும் உயர் அழுத்த மின்பாதைகளுக்கான இழப்பீடு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை வரும் 800 கிலோவோல்ட் பாதை உள்ளிட்ட பல மின்பாதைகள் கொங்கு நாட்டுத் தோட்டங்களின் வழியே செல்கின்றன. அவற்றை எதிர்த்து உழவர்கள் நடத்திய போராட்டங்களை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. சட்ட நிலை இப்படி: 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம் தந்தி அதிகாரிக்கு அளித்திருந்த அதிகாரங்களை மின்பாதை அமைக்கும் நிறுவனத்துக்கு வழங்க வழி செய்கிறது. அந்தத் தந்திச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி நிலம் உழவர் பெயரிலேயே இருக்கும். நிறுவனத்துக்குக் கம்பி கொண்டு செல்லும் பயன்பாட்டு உரிமை மட்டுமே உண்டு. இயன்றவரை குறைந்த சேதம் விளைவித்து, விளைந்த சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும். தொகை போதவில்லையென்றால் 16ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்யலாம். படிக்கும்போது இது தெளிவாகத்தான் இருக்கிறது. மின்கோபுரம் நின்ற தோட்டத்தில் எத்தனை தென்னை இருந்தது, அவற்றில் காய்ப்பில் இருந்தவை எத்தனை, கிணற்றுப் பாசனமா, கீழ்பவானி வாய்க்கால் பாசனமா, கம்பிக்கு அடியில் கிடக்கும் நிலத்தின் மதிப்பு எவ்வளவு இறங்கியது என்று மெய்ப்பிக்கப் புகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அதை மெய்ப்பிக்கும் தாள்கள் அத்தனையும் தமிழில் இருக்கின்றன. கிராம நிர்வாக அலுவலர் எழுதிய அடங்கல், சிட்டா, அ-பதிவேடு போன்ற நிலக் கணக்குகள், புல வரைபடம், பாட்டன் காலத்துக் கிரயப் பத்திரம், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்துடன் எழுதிப் போட்டுப் பெற்ற பதில்கள், மனுவுடன் உழவர் தந்த வாக்குமூலம் என எதையெடுத்தாலும் தமிழ்தான். பழைய பத்திரங்களில் 'இதற்குச் செக்குபந்தி' என்று தொடங்கும் பத்தியில் நான்கு எல்லைகளையும் சொல்லியிருப்பார்கள். அந்த எல்லைகளைக் கொண்டுதான் பழைய சர்வே எண்ணை ரீ-சர்வே எண்ணுடன் பொருத்திப் பார்க்க முடியும். கையெழுத்து கூட்டெழுத்தாக ஓடும், புள்ளி இருக்காது, நஞ்சை, புஞ்சை, மானாவாரி என்ற சொற்கள் சுருங்கிக் கிடக்கும். நான் ஈரோட்டில் ஆங்கில வழியில் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவேன், நாளிதழ் படிப்பேன். ஆனால் முதன்முதலில் அந்தப் பத்திரம் ஒன்றைக் கையில் வாங்கியபோது ஒரு பக்கத்தைப் படிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று, அதிலும் பாதி தவறாக இருந்தது. 60 விழுக்காட்டு மதிப்பெண்ணும், அரியர் இல்லாத பட்டியலும், 1,500 சொல் ஆங்கிலக் கட்டுரையும் அந்த இரண்டு மணி நேரத்தில் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

உதவி செய்தவர் என் வகுப்புத் தோழர் ஒருவர். அந்தியூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. தந்தை கிராம உதவியாளராக இருந்தவர் என்பதால் அடங்கலும் சிட்டாவும் அவருக்கு வீட்டுத் தாள்கள். அவரும் இந்த வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். முதலாம் ஆண்டு ஆங்கிலத் தாளில் ஒரு அரியர் நிலுவையில் இருந்ததால் விண்ணப்பம் நேர்காணல் வரைக்கும்கூடப் போகவில்லை. நான் புரியாமல் தள்ளிவைத்த பத்திரங்களை மாலை நேரங்களில் நூலகத்தில் அமர்ந்து எனக்குப் படித்துக் காட்டினார். ஒரு மாதம் கழித்து நானே படிக்கக் கற்றுக்கொண்டேன். அவருக்கு ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. என் உதவித்தொகையில் பங்கு தர முன்வந்தபோது வாங்க மறுத்துவிட்டார். பேராசிரியர் அவரை நினைவில் வைத்துக் கட்டுரையின் முதல் அடிக்குறிப்பில் நன்றி தெரிவித்தார் என்பது எனக்கு மகிழ்ச்சியே என்றாலும், வேலை செய்யத் தெரிந்தவர் வெளியிலும் தெரியாத நான் உள்ளேயும் இருந்தோம் என்ற உண்மை அதனால் மாறிவிடவில்லை.

இதைச் சொன்னால், "தரம் குறைந்துவிடும்" என்பார்கள். மதிப்பெண்ணையே பார்க்கக் கூடாது என்பது என் வாதம் அன்று. நிறுமச் சட்டம் (கம்பெனிச் சட்டம்), அறிவுசார் சொத்துரிமை போன்ற பொருள்களில் ஆங்கிலத் தீர்ப்புகளை மட்டுமே தொகுக்கும் ஆய்வு என்றால், அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவரை எடுப்பது சரிதான். எந்த ஆய்வானாலும் ஒரே அளவுகோலை நீட்டுவதும், மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மொழித் தாளைக் காட்டி ஆளையே பார்க்காமல் விலக்குவதும்தான் தவறு. அரியர் விதியால் முதலில் வெளியேறுகிறவர்கள் கிராமத்திலிருந்தும் தமிழ் வழியிலிருந்தும் வந்தவர்கள். முதலாம் ஆண்டு ஆங்கிலத் தாள் அவர்களுக்குத்தான் சுவராக நிற்கிறது. கொங்கு நாட்டுச் சட்டச் சிக்கல்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால், மின்கோபுர நிலங்கள், நொய்யலில் கலந்த சாயக்கழிவு, வாய்க்கால் தண்ணீர்ப் பங்கீடு, விசைத்தறிக் கூலி ஒப்பந்தம் என எல்லாமே தமிழ்த் தாள்களிலும் தமிழ் வாய்மொழிகளிலும் கிடக்கின்றன. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதைச் சட்ட மாணவர் எல்லோரும் படித்திருப்பார்கள். அந்த வழக்கைத் தொடங்கியவர்கள் நொய்யல் பாசன உழவர்கள். அவர்களின் நிலத்துக்கு என்ன நேர்ந்தது என்று இன்று ஆராயப் புகுகிறவருக்குத் தமிழ்க் கோப்பு படிக்கும் திறன்தான் முதல் தகுதியாக இருக்க வேண்டும். எங்கள் அறிவிப்பில் தமிழ் என்ற சொல்லே இல்லை.

நேரில் பேசும் திறனும் அப்படித்தான். சென்னிமலைக்குத் தெற்கே ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது, திண்ணையில் இருந்த மூதாட்டி எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது: "ஏனுங்கம்மிணி, நீங்க கோர்ட்டாருங்களா, கம்பெனிக்காருங்களா?" "ரெண்டும் இல்லீங்க ஆத்தா, காலேஜுல இருந்து வர்றனுங்க" என்று சொல்லி, இந்த ஆய்வினால் அவருக்குப் பணம் எதுவும் கிடைக்காது, சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டியதில்லை, பெயரை எழுத மாட்டோம் என்று விளக்கிய பிறகுதான் அவர் மோர் கொடுத்து உட்காரச் சொன்னார். எங்களுடன் வந்த இன்னோர் உதவியாளர் வகுப்பில் முதல் மதிப்பெண் பெறுபவர். 'இழப்பீடு' என்ற சொல்லிலேயே அவர் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்க, "கம்பிக்காசு" என்று அந்த ஊரார் சொல்லும் சொல்லை எடுத்ததும்தான் ஆத்தாவுக்குக் கேள்வி விளங்கியது. நேர்காணல் எடுக்கப் போகும் மாணவருக்கு, ஒப்புதல் பெறுவது எப்படி, பெயரை மறைப்பது எப்படி என்று அரை நாள் பயிற்சியாவது தகுதி நிபந்தனையாக இருந்திருக்க வேண்டும். பேராசிரியர் சொல்லிக் கொடுத்ததால் நாங்கள் பிழைத்தோம். விதியில் அது இல்லை.

பத்து மணி நேர எல்லை நல்ல விதி, ஆனால் எண்ணுவதில் கோளாறு. நூலகத்தில் அமர்ந்து மனுபத்ரா, எஸ்சிசி ஆன்லைன் என்ற தீர்ப்புத் தேடல் தளங்களில் தேடும் நேரத்தைக் கணக்கில் எடுத்தார்கள். பேருந்தில் போய் வரும் நேரத்தை எடுக்கவில்லை. பெருந்துறையில் ஒரு பேருந்து மாறிப் பின் நடந்து ஒரு தோட்டத்தை அடைந்து திரும்ப ஏழு மணி நேரம் ஆன நாளில், பதிவேட்டில் ஏறியது இரண்டரை மணி நேரம். பேருந்துக் கட்டணம் கைக்காசு. இதைப் பற்றி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தும் பதில் வரவில்லை.

அறிவிப்பில் எழுதாத விதிகளும் இருந்தன. அவைதான் அதிகம் துன்பம் தந்தன. விடுதி மாணவிகள் மாலை ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதால் களப்பணிக்கு அவர்களை எடுப்பதில்லை என்பது எங்கும் எழுதப்படவில்லை, ஆனால் நேர்காணலில் முதல் கேள்வியே "ஹாஸ்டலா, டேஸ்காலரா?" என்பதாக இருந்தது. நான் வீட்டிலிருந்து வந்து போனதால் தப்பித்தேன். சொந்தமாக மடிக்கணினி இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்த பிறகே தெரிந்தது. ஒரு நிபந்தனை உண்மையில் தேவை என்றால் அதை எழுதிப் பலகையில் ஒட்ட வேண்டும்; ஒட்டக் கூச்சமாக இருந்தால் அந்த நிபந்தனையைக் கைவிட வேண்டும்.

இன்டர்ன்ஷிப் பற்றி விண்ணப்பதாரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பார் கவுன்சில் விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்பில் மொத்தம் 20 வாரமும், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். எந்த ஓர் ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. அது வழக்கறிஞர்கள், நீதித்துறை, தொண்டு நிறுவனங்கள், சட்ட நிறுவனங்கள், உள்ளாட்சி அமைப்புகள் போன்ற இடங்களில் இருக்க வேண்டும். தன் கல்லூரிப் பேராசிரியரிடம் ஊதியம் பெற்றுச் செய்யும் ஆய்வு வேலையை எங்கள் கல்லூரி இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அது சரியென்றே கருதுகிறேன். ஆனால் இதை முன்கூட்டிச் சொல்லாததால், இரண்டாம் உதவியாளராக இருந்தவர் டிசம்பர் விடுமுறை இன்டர்ன்ஷிப்பைத் தவறவிட்டு, மே மாதத்தில் ஈரோடு நீதிமன்றத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் அவசரமாகச் சேர வேண்டியதாயிற்று.

நான் சேர்ந்த மூன்றாம் மாதத்தில் இன்னொரு குழப்பம் வந்தது. 2024 செப்டம்பரில் இந்திய பார் கவுன்சில் சட்டக் கல்வி நிலையங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. படிக்கும் காலத்தில் வேறு வேலையிலோ தொழிலிலோ இருந்தால் மாணவர் அதை அறிவிக்க வேண்டும், வேலை தருபவரிடமிருந்து தடையின்மைச் சான்று பெற வேண்டும், வருகைப் பதிவு குறையவில்லை என்று காட்ட வேண்டும். ஒரே காலத்தில் இரண்டு முறையான படிப்பில் இருக்கக் கூடாது. குற்றப் பின்னணி இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்பன அதில் இருந்தன. இறுதி மதிப்பெண் பட்டியலும் பட்டமும் இவற்றைப் பொறுத்தவை என்றதும் எங்கள் வீட்டில் கலக்கம். "ஐயாயிரத்துக்கு ஆசைப்பட்டு அஞ்சு வருசப் படிப்பைக் கெடுத்துக்காத கண்ணு" என்று அப்புச்சி (அம்மாவின் அப்பா) வேலையை விடச் சொன்னார். கல்லூரி தரும் மாணவர் உதவித்தொகை 'வேலை'யா, அப்படியென்றால் கல்லூரியே கல்லூரிக்குச் சான்று தருமா என்று அலுவலகத்தில் யாருக்கும் தெளிவில்லை. நான் பாதுகாப்பான வழியைத் தேர்ந்தேன்: வேலையின் தன்மை, வார நேரம், தொகை, வகுப்புக்கு வெளியில்தான் நடக்கிறது என்ற உறுதி ஆகியவற்றை எழுதி, முதல்வரின் கையொப்பமும் முத்திரையும் வாங்கி, என் வருகைப் பதிவின் நகலுடன் வைத்துக்கொண்டேன். இப்பணியில் சேரும் எவரும் சேருகிற அன்றே இந்தத் தாளை வாங்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை. பட்டம் வாங்கும் நேரத்தில் பழைய பேராசிரியர் வேறு கல்லூரிக்குப் போயிருக்கலாம்.

அமெரிக்காவில் எல்எல்.எம். படிக்கும் என் மாமன் மகளிடம் அங்குள்ள நடைமுறையைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். மேற்படிப்புக்குப் போக எண்ணும் கோவைப் பிள்ளைகள் பலர் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் பல்கலைக்கழக வளாகத்துக்குள், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். விடுமுறையில் முழு நேரமும் செய்யலாம். வேலைவாய்ப்புக் கடிதமும் பல்கலைக்கழக அலுவலரின் கடிதமும் கொண்டு சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும்; வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தைப் பல்கலைக்கழகம் வேலை தொடங்கிய மூன்று வேலை நாள்களுக்குள் நிறைவு செய்ய வேண்டும். அந்நாட்டு அரசின் 'வொர்க்-ஸ்டடி' நிதியிலிருந்து சம்பளம் தரும் இடங்கள் எஃப்-1 மாணவருக்குக் கிடைக்காது. ஆகவே அறிவிப்பில் எந்த நிதி என்று பார்க்க வேண்டும். முழுநேரச் சட்ட மாணவர் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் தன் தரவிதிகளில் வைத்திருந்த கட்டுப்பாட்டை 2014இல் நீக்கிவிட்டது, ஆனாலும் விசா எல்லை அப்படியே நிற்கிறது. முதலாம் ஆண்டின் முதல் செமஸ்டரில் மாணவர்களை ஆய்வு உதவிக்கு எடுக்காத சட்டப் பள்ளிகள் அங்கும் பல உள்ளன. ஒரே வேலைக்குச் சம்பளமும் பாட மதிப்பும் (கிரெடிட்) சேர்த்துத் தருவதில்லை என்பதும் அவள் பள்ளியின் விதி. அங்கே எல்லாமே இனிமை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவளுக்கு வந்த அறிவிப்பில், அந்தக் குறிப்பிட்ட ஆய்வுக்கு என்ன திறன் வேண்டும், எந்த மொழி தெரிந்தால் நல்லது என்று பேராசிரியரே இரண்டு வரி எழுதியிருந்தார். நாங்கள் கடன் வாங்க வேண்டியது அந்த இரண்டு வரியைத்தான்.

உதவித்தொகையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மாதம் சரியாக வந்தது. பிறகு மூன்று மாதம் நிலுவை. வங்கிக் கணக்கும் பான் எண்ணும் கொடுத்தாகிவிட்டது, கையொப்பமிட்ட நேரப் பதிவேடும் கொடுத்தாகிவிட்டது, ஆனால் "ஃபைல் மூவ் ஆயிட்டிருக்கு" என்ற பதில்தான். நிலுவைத் தொகை எட்டாம் செமஸ்டர் தேர்வு முடிந்த பிறகு ஒரே தவணையாக வந்தது. வீட்டில் பணத் தேவை இருந்து, மாதாமாதம் இத்தொகையை நம்பித்தான் பேருந்துப் பாஸும் புத்தகமும் வாங்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவ்வளவு குறைக்கு நடுவிலும் வேலைக்கு நான்கரை ஏன் தந்தேன் என்றால், சட்டத்தை நான் உண்மையில் கற்றது அங்கேதான். 10ஆம் பிரிவின் 'முழு இழப்பீடு' என்ற சொல், ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் தென்னை மரத்தின் மீதமுள்ள காய்ப்புக் காலக் கணக்காகவும், இன்னொன்றில் நில மதிப்பின் ஒரு பங்காகவும் விரிவதை ஆணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது கண்டேன். மேற்கோளை மூலத்துடன் ஒப்பிடாமல் எழுதக் கூடாது என்ற பழக்கம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் பிறர் எழுத்துடன் பத்து விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஒப்புமையைத் தவறாகக் கொள்கின்றன என்பதை வகுப்பில் கேட்டபோது உறைக்காதது, என் குறிப்புகளையே மென்பொருளில் இட்டுப் பார்த்தபோது உறைத்தது. மூன்றாம் ஆண்டைக் கடந்தவர், கோப்புகளுடன் பொறுமையாக உட்காரக் கூடியவர், வருகைப் பதிவில் இடர் இல்லாதவர், நிலுவைத் தொகைக்காக மூன்று நான்கு மாதம் பொறுக்க முடிந்தவர் எவரும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். இறுதியாண்டின் கடைசிச் செமஸ்டரில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தேர்வும் வழக்கறிஞராகப் பதிவு செய்யும் என்ரோல்மென்ட் வேலைகளும் ஒன்றாக வந்து நெருக்கும்.

சேலத்திலும் நாமக்கல்லிலும் 2019இல் அரசு சட்டக் கல்லூரிகள் தொடங்கிய பிறகு கொங்கு நாட்டில் சட்டம் படிக்கும் கிராமத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகியிருக்கிறது. அங்கும் இத்தகைய திட்டங்கள் வரும்போது எங்கள் கல்லூரி விதிகளையே படியெடுத்து ஒட்டிவிடக் கூடாது என்பது என் கவலை.

படிப்பை முடித்துக் கிளம்பும்முன் முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். அரியர் இருந்தாலும் ஆய்வுப் பொருளுக்குரிய பாடங்களில் தேறியிருந்தால் விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். களப்பணிக்குப் போய் வரும் நேரத்தையும் வாரத்துக்கான பத்து மணி நேரத்துக்குள் எண்ணிப் பேருந்துக் கட்டணமும் தர வேண்டும். தடையின்மைச் சான்றைப் பணி ஆணையுடனே வழங்க வேண்டும். தமிழ் ஆவணங்கள் உள்ள ஆய்வுகளுக்கு ஆங்கிலக் கட்டுரைக்குப் பதிலாக ஒரு வாசிப்புத் தேர்வு வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். அந்தத் தேர்வுக்கு உதவுமே என்று, பெயர்களையும் எண்களையும் மறைத்து, எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) 1962இல் எழுதி வாங்கிய காட்டு நிலப் பத்திரத்தின் ஒரு பக்கத்தை நகலெடுத்து இணைத்திருக்கிறேன்; செக்குபந்திப் பத்தி அதில் முழுமையாக இருக்கிறது.